தவக்காலத்தில் ஓர் அல்லேலூயா

ஜனவரி 20, செவ்வாய்

மதியம் கடையில் ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது என் ஓரகத்தி ஓடி வந்தாள். முகமெல்லாம் பல். “அக்கா, வீட்டுச் சாவி கிடைச்சிடுச்சு! அந்தோணியார்கிட்ட ஒரு வார்த்தைதான் கேட்டேன். செருப்பு அலமாரியில இருக்குக்கா!”

கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அவளுக்கு ஞானஸ்நானம். தோளில் கை வைத்து நின்ற ஞானத்தாய் நான். அவளுக்குச் சாவி கிடைக்கிறது. பிறந்ததிலிருந்து கோயிலே கதி என்று கிடக்கிற எனக்கு, தொலைந்ததையெல்லாம் தேடித் தரும் அந்தப் புனிதர் ஒரு பேனா மூடியைக்கூடத் தேடித் தந்ததில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நற்கருணைப் பாட்டுக்கு அழுதிருக்கிறாள். பாடியது நான், அழுதது அவள். பூசை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க பாடும்போது ஆண்டவர் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரியே இருந்துச்சுக்கா.”

யார் பக்கத்தில்? உன் பக்கத்தில். பாடுகிறவள் பக்கத்தில் ஒரு நாளாவது வந்து உட்கார்ந்தாரா? எனக்குத் தெரிவதெல்லாம் மைக்கும், சுருதியும், பின்வரிசை இருமலும்தான்.

வயிறு எரிகிறது. அவளும் நன்றாகப் பாடுவாள்; அந்தக் குரல் மேல் பொறாமை இல்லை என்று இவரிடம் சொன்னேன். “பின்ன எதுமேல?” என்றார். துணி காயப் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கீபோர்டு மாஸ்டர் அவளைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

நெற்றிச் சாம்பலோடு கடைக்குப் போனேன். ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டி, “இப்ப தெரியுதா?” என்று கேட்டேன். “நல்லா தெரியுதும்மா, உன் நெத்தியில அழுக்கு” என்றார். சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை.

காரணம் மாஸ்டர். இன்று முதல் நாங்கள் அல்லேலூயாவை மூட்டை கட்டி வைத்துவிடுவோம். தவக்காலம் முழுக்க அந்தச் சொல் கோயிலில் கேட்காது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு, பாஸ்கா பூசையில்தான் மறுபடி. அன்றைக்கு முதல் அல்லேலூயாவைத் தனியாக எடுப்பது எத்தனையோ வருடமாக நான்தான். இன்று மாஸ்டர் மெதுவாக ஆரம்பிக்கிறார்: “மார்ச் எட்டாம் தேதி பூசைக்கு உங்க ஓரகத்தி பாடிப் பார்க்கட்டும். நல்லா வந்தா பாஸ்காவுக்கும் அவங்களையே...”

ஆண்டவரே, உம்மைத்தான் அவளுக்குக் கொடுத்தாயிற்று. அந்த ஒரு பாட்டையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா?

மார்ச் 4, புதன்

பயிற்சிக்கு என் வீட்டுக்கு வந்தாள். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் சாய்ந்து, முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலைப் பாடினாள். குறை சொல்ல இடமில்லை. பிறகு நற்செய்திக்கு முன் வரும் வாழ்த்து. கண்ணை மூடி எடுத்தாள்: அல்லேலூயா.

தவக்காலத்தில்! புதியவள், தெரியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கோயில் நடுவே அதைப் பாடினால் என்ன ஆகும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் சட்டைக் கை கருகிய பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன்.

“அக்கா, ஏதாவது தப்பா?”

“நல்லாத்தான் இருக்கு.”

மார்ச் 7, சனி

ஒத்திகையில் மாஸ்டர் பிடித்துவிட்டார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “அக்கா, உங்களுக்கும் மறந்துடுச்சா?” என்றாள். “ஆமா, வேலை மும்முரத்துல...” என்றேன். பாடல் அவளுக்கு, வாழ்த்து எனக்கு என்று மாஸ்டர் பிரித்துக் கொடுத்தார்.

மார்ச் 8, ஞாயிறு

எப்படி எழுதுவது?

அவள் பதிலுரைப் பாடலைப் பாடினாள். பாடகர் மாடியிலிருந்து பார்த்தால் கீழே தலைகள்தான் தெரியும். ஒரு தலை அசையவில்லை. எனக்கோ காது அடைத்துவிட்டது. இவளுக்கு மட்டும் ஏன், இவளுக்கு மட்டும் ஏன் - இது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்தார்கள். தவக்காலம் என்பதால் வாழ்த்துக்குக் கீபோர்டு கிடையாது. நான்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன்.

அல்லேலூயா.

முழுத் தொண்டையில். நான்! கீழே தலைகள் திரும்பின. சாமியார் நற்செய்தி மேடைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்போது பக்கத்தில் அவள் குரல். அல்லேலூயா, என்று சேர்ந்து பாடினாள். நேற்றுத்தான் தப்பு என்று தெரிந்துகொண்டவள்! அந்த வரியை என்னோடு முடித்துவிட்டு, அப்படியே தவக்கால வாழ்த்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பூசை முடிந்ததும் பங்குப் பேரவைச் செயலாளர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். நேராக அவளிடம் போனார். “புதுசா வந்தவங்களைப் பாட விட்டா இப்படித்தான். கோயில் மானமே போச்சு!” அவள் தலையைக் குனிந்து நின்றாள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வாயே திறக்கலியே நான். பாவி.

மார்ச் 9, திங்கள்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அல்லேலூயாவைச் சொன்னதும் சாமியாருக்குச் சிரிப்பு. “அதெல்லாம் பாவமில்லம்மா.” அடுத்து இஸ்திரிப் பெட்டியைச் சொன்னேன். மைக் வயரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றார். பரிகாரமாக வேறு செபம் எதுவும் தரவில்லை. ஐம்பது செபமாலை கொடுத்திருக்கலாம்.

மார்ச் 14, சனி

சொன்னேன். அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“தெரியும்க்கா” என்றாள். “ஒத்திகை அன்னிக்கே தெரியும். நீங்க எதையும் மறக்கிற ஆள் இல்ல. அப்புறம் அந்தச் சட்டை கருகின வாடை ஞாபகம் வந்துச்சு.”

“தெரிஞ்சுமாடி கூடப் பாடினே?”

“நீங்க தனியா நின்னீங்களேக்கா.”

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வருடப் பாட்டில் வராத அழுகை. அவள் முந்தானையை நீட்டினாள், நான் மூக்கைச் சிந்தினேன். ஆண்டவர் பக்கத்தில் வந்து உட்காருவார் என்றாளே. படியில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. அங்கே அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் செயலாளர் வீட்டுக்குப் போய், பாடியது நான் என்று சொன்னேன். நம்ப மறுத்தார். வாசலில் நின்று அதே சுருதியில் பாடிக் காட்டினேன். நம்பினார். பிறகு மாஸ்டருக்குப் போன் செய்து, பாஸ்காவுக்கு அவளையே பாடச் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு வந்ததும் வயிறு எரிந்தது. கொஞ்சம்.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

நேற்று இரவு பாஸ்காவில் முதல் அல்லேலூயாவை அவள் எடுத்தாள். நான் மாடிக்குப் போகவில்லை. கீழே ஜனங்களோடு நின்றேன். என் பக்கத்தில் நின்ற அம்மாளுக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. அவரோடு சேர்ந்து நானும் பதில் பாடினேன், சுருதியை விட்டுவிட்டு.

இன்று காலையில் வெளியே புறப்படும்போது வீட்டுச் சாவியைக் காணோம். பை, மேசை, அலமாரி எல்லாம் தேடியாயிற்று. “எங்கதான் வச்சேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்!” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த இவர், “எனக்கென்ன தெரியும்?” என்றார்.

“உங்களைக் கேக்கல” என்றேன்.