குங்கிலிய வாசம்

தம்போய், ஜொகூர்
மாசி, 1938

அன்புள்ள யோகம் அக்காவுக்கு,

இங்கே ஐயாவுக்கும் எனக்கும் சுகக்குறைவில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் நீங்களும் லெட்சுமணன் அத்தானும் அவ்வாறே இருக்க, அம்மாவின் படத்தின் முன் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சிங்கப்பூர் வானொலியில் பாடப்போகும் செய்தியும், வானொலி செய்ய அத்தான் அனுப்பிய படிகக் கல்லும் காதுக்குழலும் செய்முறைப் பத்திரிகையும் என் பள்ளிக்கூட முகவரிக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்துக் கங்காணி மகனைக் கட்டிக்கொண்டு நீங்கள் போனதிலிருந்து ஐயா உங்கள் பெயரைச் சொல்வதில்லை. அதனால் வானொலிப் பெட்டியைப் பூசையறையில் ஒளித்து வைத்துத்தான் செய்தேன்.

மூங்கில் துண்டில் கம்பி சுற்றுவது எளிதாக இருந்தது. ஈயம் பற்றவைப்பதுதான் வசப்படவில்லை. ஈயத்தை உருக்கிக் கம்பியின் மேல் சொட்டினேன். சேம்பிலைத் தண்ணீராய் உருண்டோடியது. கம்பியைச் சுரண்டிப் பிசின் தடவி, அதையே முதலில் சூடாக்க வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பிசினுக்கு எங்கே போவேன்? பூசைக் குங்கிலியத்தை எடுத்தேன். பற்றவைக்கும் கோலைத் தூபக்காலின் தணலிலேயே காய்ச்சினேன். ஈயம் ஓடிப் பிடித்துக்கொண்டது.

மாலைதோறும் வீடெல்லாம் குங்கிலிய வாசம். ஐயா கோயிலில் என் பக்தியைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார், பாவம். வானொலி அலை பிடிக்க வெளியே கட்டிய வான்கம்பியைப் பார்த்து, “உடுப்புக் காயப்போடக் கமுகின்ரை உச்சியிலையோ கொடி கட்டினாய்?” என்று சிரித்தார்.

நேற்று மாலை குழலைக் காதில் வைத்து, கல்லின் மேல் ஊசியை மெல்ல நகர்த்தினேன். முதலில் றப்பர் இலைகளில் தூறல் விழுவது போல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள், அக்கா. கண்ணை மூடினால் பக்கத்துப் பாயில் படுத்து முணுமுணுக்கிறீர்கள். திறந்தால் வெறும் கல்லும் கம்பியும்.

பாதிப் பாட்டில் வான்கம்பியின் இணைப்பு விட்டுப்போயிற்று. ஒரு கையில் கோல், மறு கையில் ஈயம்; கம்பியைப் பிடிக்க ஆளில்லை. திரும்பினால் வாசலில் ஐயா.

“அக்கா பாடுறா” என்றேன்.

உள்ளே வந்தார். பிறகு என்னருகே குந்தி, கம்பியின் நுனியை விரல்களால் பிடித்தார். ஈயம் ஆறும்வரை ஆட்டக் கூடாது என்றேன். சுட்டிருக்கும். அவர் கை அசையவில்லை.

குழலை அவரிடம் கொடுத்தேன். கடைசி அடிகள்தான் கேட்டிருக்கும். பாட்டு முடிந்த பின்னும் காதிலிருந்து எடுக்காமலே இருந்தார். எழும்பும்போது, “குரல் அடைச்சிருக்கு, தடிமன் பிடிச்சிருக்குப் போலை. கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு” என்றார்.

குடியுங்கள், அக்கா. மறுபடி எப்போது பாடுவீர்கள் என்று எழுதுங்கள். இம்முறை வீட்டு முகவரிக்கே எழுதுங்கள். குங்கிலியம் தீர்ந்துவிட்டது. வாங்கிவர ஐயா கடைக்குப் போயிருக்கிறார்.

உங்கள் குரல் தெளிய வேண்டும் தங்கை,
தங்கரத்தினம்