மொறிசின் கடவுச்சீட்டு

அக்கா,

இன்று காலை வுப்பர்டாலின் தொங்குரயிலில் ஒரு நனைந்த நாய் என் காலோடு ஒட்டிப் படுத்தது. மழையும் அழுக்கு மயிரும் பழைய இறைச்சியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் வயிற்றைப் புரட்டியது. இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னதாகவே இறங்கி மழையில் நடந்தேன். நாய்களை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனால் நடக்கும்போதும் குமட்டல் நிற்கவில்லை. அது நாயால் வந்ததல்ல. உங்கள் தம்பியை நினைத்ததால் வந்தது.

உங்கள் நாய் மொறிஸ் உங்களிடம் வந்த கதை எனக்குத் தெரியும். நீங்கள் துப்புரவு வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். பிள்ளைகள் வந்து தொலைக்காட்சியையும் சாய்கதிரையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாயை ஒருவரும் கேட்கவில்லை. வலிப்பு வருத்தம், ஒரு கண்ணில் பூ. அதைத்தான் நீங்கள் தூக்கிக்கொண்டு, நாம் இருவரும் குடியிருந்த கட்டடத்தின் மாடியேறி வந்தீர்கள். எச்சில் கையில் வழிய வழிய மாத்திரை ஊட்டுவீர்கள். பிறகு கழுவிவிட்டுத்தான் எனக்குத் தேத்தண்ணி தருவீர்கள். ஆனாலும் எனக்குத் தொண்டையில் இறங்காது.

லண்டனில் இருந்த உங்கள் தம்பியின் மகளுக்குக் கலியாணம் முற்றாகியது. உங்களுக்கு உடன்பிறப்பு என்று இருந்தது அவர் ஒருவர்தான். ஆட்களைக் களவாக ஏற்றிவரும் ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்டுப் போக, கையில் ஒரு தாளும் இல்லாமல் ஜெர்மனிக்கு வந்து, வுப்பர்டாலில் உங்கள் ஒற்றை அறையில் இரண்டு குளிர்காலம் கிடந்து, பிறகு லண்டன் போய்ச் சேர்ந்தவர். கலியாணத்துக்குப் போய் ஒரு மாதம் நிற்க நினைத்தீர்கள். உங்கள் கையைத் தவிர வேறு கையில் மருந்து தின்னாத மொறிசை எங்கே விடுவது? கூட்டிப்போவதென்று முடிவெடுத்தீர்கள்.

பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் போக, நாய்களுக்கென்று அப்போது புதிதாக வந்திருந்த அந்த நீலக் கடவுச்சீட்டுப் புத்தகமும் விசர்நாய்த் தடுப்பூசியும் போதும். இங்கிலாந்துக்கு அது போதாது. கழுத்துத் தோலுக்குள் சிப் வைக்கவேண்டும், ஊசிக்குப் பிறகு இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும், அதிலிருந்து அரை வருடம் காத்திருக்கவேண்டும். கடைசியாக, கப்பலேறுவதற்கு முன் ஒரு நாளுக்கும் இரண்டு நாளுக்கும் இடையில் மிருக வைத்தியர் பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் கொடுத்துப் புத்தகத்தில் எழுதவேண்டும். டெர்மின், டெர்மின் என்று, வைத்தியர் குறித்துக் கொடுத்த நேரங்களுக்கெல்லாம் மழையிலும் பனியிலும் அலைந்தீர்கள்.

"இதுக்கு பாஸ்போட் எடுக்கிறதைவிட எனக்கு விசா எடுத்தது சுகம்" என்று சிரித்தீர்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் என் காரில் புறப்பட்டோம். பெல்ஜியத்தில் லியேஜ் தாண்டியதும் மொறிஸ் பின்சீற் முழுக்கச் சத்தி எடுத்தது. நீங்கள் அதைத் தாங்கிப் பிடித்திருக்க, நான் வீதியோரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தேன். வாழ்க்கையில் இதைவிட அருவருப்பான ஒன்று எனக்கு வராது என்று அப்போது நினைத்தேன்.

பிரான்சில், இங்கிலாந்துக்குக் கப்பலேறும் கலே துறைமுகத்தில் நாய்களைச் சோதிக்கும் பெண் சிப்பைப் பார்த்தாள், தாள்களைப் புரட்டினாள், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வைத்தியரின் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, திகதியும் இருந்தது. மருந்து கொடுத்த நேரம் மட்டும் எழுதப்படவில்லை. நேரம் இல்லாமல் விடமுடியாது என்றாள். இங்கேயே ஒரு வைத்தியரிடம் திரும்ப மருந்து கொடுத்து, ஒரு நாள் கழித்து வரலாம் என்றாள். அவள் மரியாதையாகத்தான் பேசினாள்.

நீங்கள் கார்க் கதவைத் திறந்து வைத்தபடி தம்பிக்கு அழைத்தீர்கள். தாலிகட்டுக்கு வர ஏலாது, அதற்கு அடுத்த நாள் வந்துவிடுவோம் என்று சொல்லத்தான். அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? அதை உதிலை எங்கையாவது ஒரு கம்பியிலை கட்டிப்போட்டு வாங்கோ. வெள்ளைக்காரர் ஆராவது எடுத்து வளர்ப்பினம்."

"என்னடா சொல்லுறாய்?"

"கிழட்டு நாய்தானே. எங்கை செத்தாலென்ன?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, நீ என்னட்டை வந்தநேரம் உன்னட்டை என்ன பேப்பர் இருந்தது?"

"என்னையும் நாயையும் ஒண்டாக்கிறியளோ?"

"இல்லையடா. அது என்னட்டை ஒருத்தரையும் விட்டிட்டு வரச்சொல்லிக் கேக்கேல்லை" என்றுவிட்டு வைத்தீர்கள்.

அந்த நாயைத் தொடவே கூசும் நான் அப்போது சொன்னேன்: "அக்கா, நான் மொறிசோட இஞ்சை நிக்கிறன். நீங்கள் கப்பலிலை போங்கோ. நேரம் கிடக்கு."

"எனக்குப் பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. இனி அங்கை போக மனமில்லை. காரைத் திருப்பும்."

இரவே வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் தாலிகட்டும் நேரத்தில் நீங்கள் மொறிசைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த மாரியில் அது உங்கள் மடியில் செத்தது. தம்பி தொலைபேசி எடுத்தால் "சுகமாயிருக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு அவர் வந்தார், அக்கா. கறுப்புக் கோட்டும் கண்ணாடியும். ஒலிவாங்கியைப் பிடித்து, "என்ரை அக்கா ஒரு வாயில்லாச் சீவனுக்காக எங்கட வீட்டுக் கலியாணத்தையே விட்டவ" என்று அழுதார். சனம் உருகிப்போனது. எனக்கு வாய்க்குள் புளித்த நீர் ஊறியது. வெளியே போய் நின்றேன்.

அங்கேயும் வந்தார். "முப்பத்தொராம் நாள் கிரியையை லண்டனிலை மண்டபம் எடுத்துச் செய்யிறன். நீங்கள் கட்டாயம் வரவேணும், அக்காவைக் கடைசிவரைக்கும் பாத்தனீங்கள்" என்று கையை நீட்டினார்.

"கம்பியிலை கட்டச் சொன்னதை ஏன் உள்ளுக்கை சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்தார். "ஐயோ, அது பகிடிக்குச் சொன்னது."

"உங்களைப் பாக்கவே எனக்கு அருவருப்பாய் இருக்குது."

சனம் திரும்பிப் பார்த்தது. செத்தவீட்டில் இப்படிப் பேசலாமா என்று எனக்கே பின்னர் பலர் புத்தி சொன்னார்கள். நீங்கள் இருந்திருந்தால் ஒருவேளை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொன்னதற்காக எனக்கு மனவருத்தம் வரும் என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரவில்லை, அக்கா.