படகின் அடியில் நின்ற தண்ணீர்

நானா,

இன்று காலை குளியலறையில் தண்ணீர் வடியாமல் நின்றது. மருமகள் பேரனைத் திட்டத் தொடங்கினாள். நான் குனிந்து, தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விரலை விட்டேன். சோப்பு நாற்றத்தோடு ஒரு மயிர்ச் சுருள் வந்தது. கூடவே உங்கள் நினைவும்.

அறுபதுகளில் நாலந்தை நீர்த்தேக்கத்துப் பக்கம் நான் மருத்துவிச்சி. நீங்கள் உக்குவளைக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி; எங்கள் கிளினிக்கின் சின்ன மோட்டார் படகை ஓட்டினீர்கள். வாரம் இருமுறை நீர்த்தேக்கத்தின் அக்கரைக்குப் போவோம். படகின் அடியில் எப்போதும் தண்ணீர் நின்று என் சேலைக்கரை நனையும். மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலிப் பால்பேணி டின்னால் இறைத்தபடியே யோசிப்பீர்கள்.

"மிஸ்ஸி, பின்னுக்கு எல்லாம் இறைச்சாச்சு. முன்னுக்கு மட்டும் நிக்குதே, ஏன்?"

எனக்கு அது சோம்பேறியின் சாக்காகப் பட்டது. படகோட்டி தண்ணீரைச் சரியாக இறைப்பதில்லை என்று என் பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன். கிளினிக்கின் பெரிய டாக்டர் உங்களை எல்லார் முன்னாலும் நிறுத்தி ஏசினார்.

அடுத்த மாதம், வலியில் துடித்த ஒரு பெண்ணை அக்கரையிலிருந்து ஏற்றிவந்தோம். நடுவழியில் மழை கொட்டியது. தண்ணீரெல்லாம் முன்பக்கம் தேங்கி, படகின் மூக்கு தாழ்ந்தது. அவளைப் பின்னுக்கு நகர்த்தி, மோட்டார் பிடியை என் கையில் தந்தீர்கள்.

"நேரா புடிச்சிக்கங்க, நிப்பாட்ட வேணாம்."

அடிப்பலகையைத் தூக்கினீர்கள். குறுக்குச் சட்டங்களின் கீழே, தண்ணீர் பின்னுக்கு ஓடுவதற்கென்று விட்டிருந்த சின்ன ஓட்டைகளை விரலால் துழாவினீர்கள். மூன்றாவதிலிருந்து கறுத்துப்போன பஞ்சு உருண்டை ஒன்று வந்தது. தண்ணீர் மளமளவென்று பின்னுக்கு ஓட, நீங்கள் இறைத்தீர்கள். கரை சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது அந்தப் பஞ்சை உள்ளங்கையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "உங்க பஞ்சுதான் மிஸ்ஸி. இது எப்புடி அந்த மூலைக்குப் போச்சு?"

கை துடைத்த பஞ்சைப் படகிலேயே போடுவது என் வழக்கம். உங்கள் குரலில் கோபமே இல்லை. மறுநாள் படகுக்குள் தண்ணீர் விட்டு, பஞ்சுத் துண்டுகளை மிதக்கவிட்டு, சின்னப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என் இருக்கைக்குக் கீழே குப்பை போட ஒரு டின் கட்டிவைத்தீர்கள்.

அந்த மனுவை எழுதியது நான்தான், நானா. எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து விழுங்கினேன். நீங்கள் இறந்த அன்று ஜனாஸா வீட்டுக்கு வந்தும் சொல்லாமலே திரும்பினேன். தண்ணீர் ஏன் நிற்கிறது, பஞ்சு எப்படிப் போகிறது என்று எதையும் கேட்காமல் விடாத நீங்கள், அதை எழுதியது யார் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

தெரிந்திருந்ததா, நானா?