காருக்கு ஒரு கூரை

ஜூன் 3, செவ்வாய்

காலை முதல் தூறல். துணி எதுவும் காயவில்லை. பள்ளி திறந்தாயிற்று. புது வகுப்பில் வாலுப்பிள்ளைகள் பெயர் மட்டும் மனதில் நின்றிருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார் வந்ததிலிருந்து புங்கமரத்துக் காக்கைகளுக்குக் கொண்டாட்டம். கூரை வேண்டும். நாலு தூண், மேலே ஷீட். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்கிறார் இவர். ஆளே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர்.

"சட்டப்படி போவோம் ஸ்டெல்லா. நாளைக்கு ஒருத்தன் வந்து நம்மள ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது."

பக்கத்து வீட்டு மஞ்சுளா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். "யாரு அக்கா கேக்குறாங்க? நாங்க ஞாயித்துக்கிழமை ஷீட் போட்டோம், திங்கக்கிழமை வண்டி உள்ள. அஷ்டே, அவ்வளவுதான்."

ஜூன் 5, வியாழன்

இவர் பிளான் ஆபீஸ் போய் வந்தார். சாப்பிடும்போது ஒப்பித்தது:

– முன்னால் காலியாக விட்ட இடத்தில் கூரை போடலாம், சுவர் கூடாது
– தூண் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டக் கூடாது
– மேலே ரூம் கூடாது
– கூரைத் தண்ணீர் நம் பக்கமே விழ வேண்டும்
– சர்வேயர் வந்து அளப்பார்

கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை. மஞ்சுளாவுக்கும்தான். "சும்னே, சும்மா இருங்க அக்கா. அளக்குறவங்கள நாமளே வீட்டுக்குக் கூப்பிடுறதா?"

ஜூன் 7, சனி

சர்வேயர் வந்தார். நரைத்த மீசை, மரியாதையான பேச்சு. முன்பக்கம் அளந்தார், ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். கிளம்ப இருந்தவருக்குக் காபி கொடுத்தேன். அங்கே பிடித்தது சனி.

வீட்டுக்கு யார் வந்தாலும் முழுக்கச் சுற்றிக் காட்டாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. சிலிண்டர் போட வந்தவருக்கும் காட்டியிருக்கிறார். மாதா படம், மாடிப்படி, சமையலறை, பின்கதவு.

"பின்னாடி எவனும் கட்டவே முடியாது சார். ஆயுசுக்கும் காத்து."

"சாக்கடையா?" சர்வேயர் எட்டிப் பார்த்தார்.

"சாக்கடையா! மழைன்னா ஆறு மாதிரி போவும் சார். மேல் ஏரியிலருந்து கீழ் ஏரிக்கு."

சர்வேயர் டம்ளரைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டார். பாதிகூடக் குடிக்கவில்லை. "இது ராஜகாலுவே சார்." மழைநீர்க் கால்வாய்க்குக் கன்னடத்தில் அந்தப் பெயர். அதன் கரையோரம் வீடு கூடாது. போனை எடுத்தார். எங்கள் பின்சுவரைப் படம் எடுத்தார். பிறகு மஞ்சுளாவுடையதை. பிறகு வரிசை முழுவதையும்.

"அப்ரூவ்டுன்னு சொல்லித்தானே சைட் வித்தாங்க?" என்றார் இவர். சர்வேயர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

கிணறு வெட்டப் பூதம்.

ஜூன் 10, செவ்வாய்

நான் பள்ளியில் இருந்தபோது ஆட்கள் வந்திருக்கிறார்கள். டேப், குச்சி, சிவப்புப் பெயின்ட். மாலை வந்து பார்த்தால் பக்கச் சுவரில் அம்புக்குறி. அங்கிருந்து கோடு இழுத்தால் இடிப்பில் சமையலறை போகிறது. படுக்கையறை, குளியலறை, பாதி ஹால். மாதா படம் இந்தப் பக்கம். அவள் தப்பித்தாள்.

மஞ்சுளா வீட்டுப் பக்கம் கால்வாய் வளைவதால் அம்பு வாசல் தூணிலேயே. அவர்களுக்கு வீடு முழுக்க.

இவர் அம்பைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது. சோறு பிசையும்போதும் நகத்தில் சிவப்பு. "நோட்டீஸ் வரும். வந்தா பதில் குடுக்கலாம்." எனக்குக் கோபம், அதைவிட பயம். கன்டோன்மென்ட் பக்கம் வாடகை வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தது இந்தச் சொந்த வீட்டுக்காகத்தான்.

ஜூன் 11, புதன்

பால் பாக்கெட் கேட்டில் தொங்கியது, எறும்போடு. தினமும் மஞ்சுளாதான் இரண்டு வீட்டுப் பாலையும் எடுத்து, நம்முடையதை ஜன்னலில் வைப்பாள். இன்று அவள் பால் மட்டும் போயிருந்தது.

கடையில் யாரோ, என் காதில் விழட்டும் என்றே: "இவங்க ரூல்ஸ் பேசுனாங்க, நம்ம வீடு போச்சு."

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், ரப்பர் செருப்பு, மெழுகுவர்த்தி.

ஜூன் 13, வெள்ளி

நாள் முழுக்க மழை. பின்னால் கால்வாய் இரைகிறது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் பிடிக்கும். இன்று பின்கதவைச் சாத்தியே வைத்தேன்.

மஞ்சுளாவைச் சுவரோரம் பார்த்துக் கூப்பிட்டேன். திரும்பினாள். கண் வீங்கியிருந்தது.

"நாங்க ஒரு ஷீட்தான் அக்கா போட்டோம். யாரையும் கூப்பிடல."

உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 14, சனி

வெயில். துணி காய்ந்தது.

தெருமுனையில் ஒரு புல்டோசர் நிற்கிறது. டிரைவர் இல்லை. வேறு வேலைக்கு வந்ததாகவும் இருக்கலாம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள்.

காபி நேரத்தில் இவர் போனில் மெசேஜ். கண்ணாடி தேடி எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். கார் கூரைக்கு அனுமதி. முன்பக்கம் கோட்டுக்கு வெளியே இருப்பதால் தடை ஏதும் இல்லை. எங்கள் இடத்தில் இப்போது முழுக்கச் சட்டப்படி இருக்கப்போவது அது ஒன்றுதான்.

வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். தெருமுனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெல்டருக்குச் சொல்லட்டுமா?"