ரேகை பதியாத பதினொரு பேர்

என் பேத்தி டாக்டருக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டில் வெந்த கைகளை ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றாய். நம் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் வீடு வீடாக ஏறி முப்பது பெண்களைக் கூட்டிவந்தவள் நான். சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தபோது பதினொரு பேருக்கு வெறும் மைதான் அப்பியது. பாப்பம்மா சிரித்தாள்: "ரேகையத்தான் ஆசிட்டு தின்னுருச்சுலா, டாக்டரம்மா! கால் விரல வைக்கட்டா?"

இப்போது உங்கள் தோல் டாக்டர்கள் சங்கம் உனக்கு வழிகாட்ட வைத்த பெரியவர், ரேகை தெளிவில்லை என்று அந்தப் பதினொரு பேரையும் நீக்கச் சொன்னாராம். நீயும் "சரி சார்" என்றாயாம். அதிகம் வெந்த கைகளைத் தள்ளிவிட்டு என்ன ஆராய்ச்சி அது?

அடையாள அட்டை எடுக்கப் போன என்னை, ரேகை விழவில்லை என்று, "கைய கழுவிட்டு வா" என விரட்டினான் அந்த ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த ஒரு கிராணி. நாற்பது வருடமாகியும் அவனை நான் மன்னிக்கவில்லை. அவன் பக்கத்தில் நீ போய் நிற்காதே.

பெரியவரிடம் பேசு. பயமாக இருந்தால் சங்கக் கூட்டம் எந்தக் கிழமை என்று எழுது. வேன் பிடித்து வருகிறோம். அவரே எங்கள் கைகளைத் தொட்டுப் பார்த்து நீக்கட்டும்.

இப்படிக்கு,
நீ நீக்கிய பதினொரு பேரில் ஒருத்தி,
உன் அப்பாயி