விடுதிப் பதிவேட்டில் குலதெய்வக் கட்டம்

அனுப்புநர்
இ. ஆனந்தவள்ளி,
கள விசாரணை அலுவலர்,
மாநிலப் பணியிடச் சமத்துவ ஆணையம்,
மாவட்டப் பிரிவு, தென்காசி.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மாநிலப் பணியிடச் சமத்துவ ஆணையம்,
சென்னை.

வழி: மாவட்ட விசாரணை அலுவலர், தென்காசி.
(முன்பிரதி நேரடியாகப் பதிவுத் தபாலில்)

பொருள்: குற்றாலம் தங்கும் விடுதி ஒன்றில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதாகப் புகார் – விசாரணைக் கோப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது – மறுவிசாரணையை அக்டோபருக்குத் தள்ளியதை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. திருமதி வள்ளித்தாய் அவர்களின் புகார், நாள் 09.06.2025.
2. எனது விசாரணை அறிக்கை, நாள் 11.07.2025.
3. விடுதி மேலாளரின் ஆட்சேபக் கடிதம், நாள் 18.07.2025.
4. மாவட்ட அலுவலரின் குறிப்பாணை, நாள் 04.08.2025.

மதிப்பிற்குரிய செயலாளர் அம்மா அவர்களுக்கு,

1. யாருடைய உத்தரவை எதிர்த்து எழுதுகிறேனோ அவர் வழியாகவே இம்மனுவை அனுப்ப வேண்டும் என்பது விதி. அவ்வாறே அனுப்பியுள்ளேன். அவர் மேசையில் அது எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாததால் முன்பிரதி ஒன்றைத் தங்களுக்கு நேரடியாக அனுப்புகிறேன். பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில் நான் எழுதும் முதல் மனு இது. பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. கீழப்பாவூரைச் சேர்ந்த வள்ளித்தாய் (வயது 34), ஐந்தருவி சாலையிலுள்ள அந்த விடுதியில் சென்ற மே மாதம் சமையலறை உதவியாளராகச் சேர்ந்தார். இரண்டு வாரம் காய் நறுக்கி, மாவாட்டினார். அதன்பின் நடந்ததை அவர் சொன்ன சொற்களிலேயே பதிவு செய்தேன் (கொடை என்பது இப்பக்கத்தில் குலதெய்வக் கோயிலின் ஆண்டுத் திருவிழா): “கோயில் கொடைக்கு ரெண்டு நாள் லீவு கேட்டேன் மேடம். எந்தக் கோயில்னு கேட்டாவ. சொன்னேன். சாமி கும்பிட்டுட்டுத் திரும்பி வந்தா, கக்கூஸ் கழுவுத பிரஷ்ஷைக் கையில குடுத்தாவ. அடுப்படிப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாவ.”

3. ஜூன் 24 அன்று விடுதிக்குச் சென்றேன். மேலாளர் திரு. கடற்கரை அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார். சாரலில் நனைந்திருந்த கோப்பைத் துடைக்கத் துண்டு கொடுத்தார். ஆள் சேர்ப்புப் பதிவேட்டைத் தாமாகவே எடுத்து என் முன் விரித்தார். “சாதியெல்லாம் நாங்க கேக்கவே மாட்டோம்மா. நல்லாப் பாத்துக்கிடுங்க, அந்தக் கட்டமே கிடையாது” என்றார். உண்மைதான், சாதிக்குக் கட்டம் இல்லை. பெயர், ஊர், கைபேசி எண், அதற்கடுத்து ‘குலதெய்வம்’ என்றொரு கட்டம் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “கொடை வரும்லா, லீவு குடுக்கணும்லா, அதுக்குத்தான்” என்றார்.

4. பதிவேட்டில் இருபத்தேழு பேர். சமையலறையிலும் பந்தியிலும் பன்னிரண்டு பேர், அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரிப்பவர் ஆறு பேர், கழிப்பறையும் சாக்கடையும் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரின் கட்டத்தில் இருந்த சாமி ஒன்றுகூட, சமையலறைக்காரர் எவருடைய கட்டத்திலும் இல்லை. வள்ளித்தாய் சேர்ந்த நாளில் அவருடைய கட்டம் மட்டும் காலியாக விடப்பட்டு, விடுப்பு கேட்ட நாளில் வேறு மையில் நிரப்பப்பட்டுள்ளது. அவருடைய வேலை மாறியது அதன் பிறகுதான். எல்லாப் பக்கங்களையும் கையால் நகலெடுத்தேன். மேலாளர் ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டார். அதில் தவறு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவேயில்லை.

5. கழிப்பறைப் பிரிவில் இருக்கும் எப்சிபா என்பவர் கிறிஸ்தவர். அவருடைய கட்டத்தில் ஒரு சர்ச்சின் பெயர் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “சாமி இல்லேன்னா விட்ருவாவளா மேடம்? எந்தச் சர்ச்சுன்னு கேட்டா எந்தத் தெருன்னு தெரிஞ்சு போயிரும்லா.”

6. இனி என் தவறு. கையொப்பம் வாங்கி முடித்ததும் மேலாளர் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, “மேடத்துக்கு எந்த ஊர்ல கொடை?” என்று கேட்டார். நம் பக்கத்தில் பேருந்தில் அடுத்த இருக்கையில் உட்காருபவர்கூடக் கேட்கும் கேள்வி அது. பெரியவர் கேட்டுப் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. கோயில் பெயரைச் சொல்லிவிட்டேன். எதை விசாரிக்கப் போனேனோ அதே கேள்விக்கு, அந்தப் பதிவேடு மேசையில் திறந்திருக்கும்போதே பதில் சொன்னேன். வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

7. பார்வை 3-இல் கண்ட கடிதத்தில், புகார்தாரரும் விசாரணை அலுவலரும் ஒரே குலதெய்வத்தை வழிபடுபவர்கள், எனவே அறிக்கை நடுநிலையானதல்ல என்று மேலாளர் எழுதினார். மாவட்ட அலுவலர் அதை ஏற்றுக்கொண்டார். அறிக்கை இணைப்புகளோடு திருப்பித் தரப்பட்டது. கோப்பு வேறொரு அலுவலருக்கு மாற்றப்பட்டு, மறுவிசாரணை 06.10.2025 அன்று என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. மாவட்ட அலுவலரிடம் நான் நேரில் சென்று விளக்கம் சொல்ல முயன்றபோது, “நீ ஏம்மா சொல்லித் தொலைச்ச? சும்மா சிரிச்சிட்டு வந்திருக்கலாம்லா” என்றார். அறிக்கையின் எந்த வரி தவறு என்று கேட்டேன். அதை அவர் இன்னும் படிக்கவில்லை என்றார்.

8. சாமி பெயரைக் கேட்டு வேலையை மாற்றினார்கள் என்பதுதான் விடுதியின் மீதுள்ள புகார். அம்மா, என் வேலையும் அப்படித்தான் மாற்றப்பட்டிருக்கிறது. இந்த முறை மாற்றியது விடுதி அல்ல, நம் அலுவலகம். புதிதாகக் கோப்பைப் பெற்றவரின் குலதெய்வம் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை.

9. அக்டோபர் என்பது சாதாரணத் தள்ளிவைப்பு அல்ல. அந்த இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் சீசன் ஆட்கள். அருவியில் தண்ணீர் குறைந்ததும், செப்டம்பர் பாதிக்குள் அவர்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். எப்சிபா மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய்விடுவார். அக்டோபர் 6 அன்று செல்லும் அலுவலருக்குக் காலி அறைகளும், ஒருவேளை புதிய பதிவேடும்தான் கிடைக்கும்.

10. ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். விடுதியின் மூலப் பதிவேட்டை இம்மாத இறுதிக்குள் கைப்பற்ற வேண்டும். தொழிலாளர்கள் கலையும் முன், மேலாளர் இல்லாத இடத்தில், அவர்களுடைய வாக்குமூலம் பெற வேண்டும். கையொப்பமிட்ட நகல்களைக் கோப்பில் மீண்டும் சேர்க்க வேண்டும். இவற்றை வேறு எந்த அலுவலர் செய்தாலும் எனக்குச் சம்மதமே. என்னிடம் கோப்பைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மேலாளரின் கேள்விக்குப் பதில் சொன்னதற்காக என்னிடம் விளக்கம் கேட்டால் எழுதித் தருகிறேன்.

11. வள்ளித்தாய் இன்றும் அதே விடுதியில் கழிப்பறை கழுவிக்கொண்டிருக்கிறார். வேறு இடத்தில் இட்லிக் கடை வேலை கிடைத்தும் போகவில்லை. “இப்பப் போயிட்டா நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும்லா மேடம்” என்று கடைசியாகப் பேசியபோது சொன்னார். கோப்பு என்னிடம் இல்லாததால் அவரிடம் பேசக்கூடாது என எனக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. நேற்று மூன்று முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை. இன்று காலை ஒரு முறை. அதையும் எடுக்கவில்லை. அவரை அங்கேயே இருக்கச் சொல்வதா, போகச் சொல்வதா என்பதை, யார் வழியாகவேனும், அவருக்கு உடனே தெரிவிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இணைப்பு: பார்வை 2 முதல் 4 வரையிலான ஆவணங்களின் நகல்கள், பதிவேட்டு நகல், 6 பக்கங்கள்.

இடம்: தென்காசி
நாள்: 22.08.2025

தங்கள் பணியாளர்,
(ஒப்பம்)
இ. ஆனந்தவள்ளி