இடது இடுப்பும் இருபத்துநாலு நிமிடமும்

யூன் 3, செவ்வாய்
கச்சான் காற்று. புங்குடுதீவுக் கரையிலிருந்து பாலத்தால் வேலணைப் பக்கம் ஓட்டம், மகள் மயூரியோடு. போகும்போது காற்று முதுகில், வரும்போது வாய்க்குள் உப்பு. போய்வர 24 நிமிடம். இடது இடுப்பில் யாரோ திருகாணி இறுக்குகிறார்கள். தையிலிருந்து இப்படித்தான்.

அவளின் நேரமும் இறங்கவில்லை. மாகாணப் போட்டிக்கு ஐந்து கிழமை. நாட்டுக்கோழி முட்டை கூட்ட வேண்டும்.

ஏலாதவை: நின்றபடி களிசான் போடுதல். சைக்கிளில் கால் தூக்குதல். இடப்பக்கம் படுத்தல். தும்முதல் (பயம்).

யூன் 7, சனி
விடிய மனுசி வாசலில்.
"இஞ்சாருங்கோ, கெந்திக் கெந்தி எங்க போறியள்?"
"ஓட."
"நடக்க ஏலாதவர் ஓடப்போறாராம். நீங்கள் போகாட்டி அவளும் போகத் தேவையில்லை. விடியப்புறம் குமர்ப்பிள்ளையைப் பாலத்தில தனிய விடேலாது."
இதுதான் சட்டம். என் இடுப்பு நின்றால் மயூரியின் ஓட்டமும் நிற்கும். ஓடினேன். 24.

பின்னேரம் பரியாரியிடம் வைத்தியம். எண்ணெய், மூலிகைப் புக்கைக் கட்டு. நாரிப்பிடிப்பாம். ஒரு மாதம் ஓடக்கூடாதாம். அதை வீட்டில் சொல்லவில்லை. புக்கை மணத்துக்குப் பக்கத்து வீட்டு நாயும் கிட்ட வரவில்லை.

யூன் 10, செவ்வாய்
அம்மன் கோயில் தேர். கொடியேற்றத்தன்று இடுப்பு சுகமானால் பிரதட்டை செய்வதாக நேர்த்தி வைத்திருந்தேன். சுகம் வரவில்லை, தேர் வந்துவிட்டது. விட்டால் அடுத்த வருடம்தான். முன்கூட்டியே செய்துவிட்டால் அம்மனுக்கும் மறுக்க ஏலாது என்று கணக்குப் போட்டேன்.

தேருக்குப் பின்னால் மணலில் உருண்டேன். ஒவ்வொரு புரளுக்கும் இடது இடுப்பு ஒருமுறை நிலத்தில் குத்தும். நேர்த்தி வைக்கும்போது இதை யோசிக்கவில்லை.

பின்னால் உருண்டவர்: "அண்ணை, நிக்காதேங்கோ, ஆக்கள் வருகினம்."

தெற்கு வீதியில் ஏதோ சொடுக்கியது. எழும்ப முடியவில்லை. கண்ணீர். பக்தி என்று நினைத்து இரண்டு பேர் என்னைக் கும்பிட்டார்கள்.

யூன் 12, வியாழன்
யாழ்ப்பாணம், கிளினிக். எக்ஸ்ரே.
"எவ்வளவு நாளா நோகுது?" டொக்டர்.
"ஒரு கிழமை."
"பொய், டொக்டர். தைப்பொங்கலில இருந்து," என்றாள் மனுசி.
தொடை எலும்பின் கழுத்தில் வெடிப்பு. ஓடி ஓடி வந்தது, நான் உருண்டு பெருப்பித்தது. இடது கால் ஊன்றக் கூடாது. மூன்று மாதம். பொருந்தாவிட்டால் ஒப்பரேசன்.
"பிறகு ஓடலாமோ, டொக்டர்?"
அவர் எழுதிக்கொண்டே, "முதல்ல நடக்கப் பாப்பம், ஐயா. ஓட்டத்தை மறவுங்கோ."
வீடு வரும்வரை மனுசி ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

யூன் 15, ஞாயிறு
வெக்கை. கதிரையில் நாள் முழுக்க. மயூரி தன் ஓட்டச் சப்பாத்தைத் தோய்த்துக் காயவைத்து அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள்.
"எனக்கு ஓட விருப்பமில்லையப்பா. ஓ எல் சோதனைக்குப் படிக்கோணும்."
புத்தகம் திறந்திருந்தது. அரை மணித்தியாலமாக அதே பக்கம்.

இரவு சாப்பிடும்போது மனுசியிடம் கெஞ்சினேன். பாலம் நேர்ரோடு, மதகில் இருந்தால் திரும்பும் இடம்வரை கண்ணில் தெரியும் என்றேன்.
"தெரிஞ்சு? ஒண்டு நடந்தா ஓடிப்போய்ப் பிடிப்பியளோ?"
கோப்பையைக் கழுவிவிட்டு வந்து தானே சொன்னாள்: "நான் ஸ்கூட்டியில ஏத்திக்கொண்டு போறன். ரெண்டு பேரும் இருப்பம்."

யூன் 16, திங்கள்
காற்று பலம். ஸ்கூட்டியில் பின்னால் நான், ஊன்றுகோல் இரண்டும் குறுக்கே, காவடி மாதிரி. மதகில் இருத்தினாள். மயூரி புறப்பட்டாள். ஆள் சிறுத்து, புள்ளியாகி, திரும்பியது. கைபேசியில் நேரம் பிடித்தேன்.

18 நிமிடம் 40.

பிழை என்று திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை. மூச்சுக்கூட இரைக்கவில்லை அவளுக்கு.

"இண்டைக்கு என்னடி இவ்வளவு கெதி?" மனுசி.
மயூரி குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாள். நாடா அவிழ்ந்திருக்கவில்லை.
"வரேக்க காத்துத் தள்ளினது, அம்மா."

என் தோளில் கிடந்த துவாய் அவள் வந்த பக்கமாகத்தான் பறந்துகொண்டிருந்தது. வரும்போது அவள் முகத்தில் அறையும் எதிர்க்காற்று.

24 நிமிடம் என்னுடைய நேரம்.

"ஓம், நல்ல காத்துத்தான்," என்றேன்.

ஸ்கூட்டி நின்ற இடம்வரை பக்கத்திலேயே வந்தாள். பழையபடி மெதுவாக.